பூராக்காசும் சிலேபியும்

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் கோடையில் கண்மாய் வற்றும்போது மீன்பிடி நடக்கும். குத்தகை எடுத்தவர்கள் பெரிய மீன்களை அள்ளிக்கொண்டு போன பிறகு, சேற்றில் மிச்சம் கிடப்பதை ஊர்க்காரர்கள் ஊத்தா, கச்சா, பழைய சேலை என்று கையில் கிடைத்ததை வைத்துப் பிடிப்பார்கள். சோழபுரம் போன்ற ஊர்களில் பையன்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவருவது பெரும்பாலும் ஒரே மீன்தான். சிலேபி! மார்க்கெட்டில் ஜிலேபிக் கெண்டை என்பார்கள். விலை குறைவு, முள் கொஞ்சம் அதிகம், குழம்புக்குப் பரவாயில்லை. அந்தக் காலத்தில் இருந்தே நம் கண்மாயில் இருக்கும் மீன் என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மை என்னவென்றால், இந்தியக் கண்மாய்களில் சிலேபி நுழைந்ததே 1952க்குப் பிறகுதான்.

ஆனால் சிலேபிக்கு நம்மூரிலேயே ஒரு சொந்தக்கார மீன் இருக்கிறது. அது வந்தேறி அல்ல, மண்ணின் மைந்தன். அளவு உள்ளங்கைக்குள் அடங்கும். சோழபுரத்துப் பையனின் பாட்டிலில் அது இருக்காது. ஜெர்மனி, அமெரிக்கா என்று வெளிநாட்டுக்காரர்களின் கண்ணாடித் தொட்டிகளில் அது வெகுகாலமாக நீந்திக்கொண்டிருக்கிறது. இரண்டு மீன்களும் ஒரே குடும்பம். இரண்டும் பிள்ளை வளர்ப்பதில் பெயர் வாங்கியவை. ஆனால் வளர்க்கும் விதம் வேறு. அந்த வித்தியாசம் நம் குளங்களின் வரலாற்றையே மாற்றிவிட்டது.

முதலில் அந்தக் குடும்பத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. சிக்லிட் என்று பெயர். பெயரிடப்பட்ட இனங்களே 1,700க்கு மேல் இருக்கின்றன. பெரும்பாலானவை ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்கா, மத்திய அமெரிக்கா பக்கமும் வாழ்கின்றன. அலங்கார மீன் கடையில் பார்க்கும் ஏஞ்சல், டிஸ்கஸ், ஆஸ்கர் எல்லாம் இந்தக் குடும்பம்தான். வாஸ்து மீன் என்று சொல்லி ஆயிரக்கணக்கில் விலை வைத்து விற்றார்களே, நெற்றி வீங்கிய ஃப்ளவர்ஹார்ன், அதுவும் இதே வகையறாதான். இவ்வளவு பெரிய குடும்பத்தில் இந்தியாவின் சொந்த மீன்கள் மூன்றே மூன்று. ஒன்று, கேரளாக்காரர்கள் வாழையிலையில் பொள்ளிச்சு சாப்பிடும் கரிமீன். 2010ல் கேரள அரசு அதை மாநில மீனாகவே அறிவித்துவிட்டது. இரண்டாவது, கர்நாடகத்தின் தென் கன்னடப் பகுதியில் மட்டும் கிடைக்கும் அரிய மீன். மூன்றாவதுதான் நம் கதாநாயகன். விஞ்ஞானப் பெயர் எட்ரோப்ளஸ் மாகுலேட்டஸ் (இப்போது சிலர் சூடெட்ரோப்ளஸ் என்று எழுதுகிறார்கள்). மீன் தொட்டிக்காரர்கள் ஆரஞ்சு குரோமைட் என்பார்கள், மலையாளத்தில் பள்ளத்தி.

தமிழில்? சென்னை ராஜதானியில் டாக்டராக வேலை பார்த்த பிரான்சிஸ் டே என்ற ஆங்கிலேயர் 1875 முதல் 1878 வரை இந்திய மீன்களைப் பற்றி ஒரு பிரம்மாண்டமான நூலை வெளியிட்டார். ஒவ்வொரு மீனுக்கும் உள்ளூர்க்காரர்கள் சொன்ன பெயரையும் கேட்டுக் குறித்துவைத்தார். இந்தச் சின்ன மீனுக்குத் தமிழ்ப் பெயர் 'பூராகாஸ்' என்றும், கரிமீனுக்கு 'பித்துல்காஸ்' என்றும் அவர் காதில் விழுந்திருக்கிறது. பூராக்காசு, பித்தளைக்காசு என்று மீனவர்கள் சொன்னதாகத்தான் இருக்கவேண்டும். தட்டையாக, வட்டமாக, பக்கவாட்டில் கரும்புள்ளி வைத்த மீனைப் பார்த்துக் 'காசு' என்று பெயர் வைத்தவர் நிச்சயம் ரசிகர்!

டேக்கு முன்பே இந்த மீனை உலகத்துக்கு அறிமுகப்படுத்தியவர் மார்க்கஸ் பிளாக். பெர்லினில் இருந்த ஒரு யூத மருத்துவர். இந்தியாவை அவர் கண்ணால் கூடப் பார்த்ததில்லை. அவருக்குக் கிழக்கிந்திய மீன்களைச் சாராயத்தில் ஊறப்போட்டு அனுப்பியவர்களில் முக்கியமானவர், அப்போது டேனிஷ்காரர்கள் கையில் இருந்த தரங்கம்பாடியில் மிஷனரியாக இருந்த கிறிஸ்டோப் சாமுவேல் ஜான். 1771ல் தரங்கம்பாடி வந்து 1813ல் இறக்கும்வரை இங்கேயே இருந்தவர். பிளாக் நன்றியோடு ஒரு மீன் வகைக்கே ஜானியஸ் என்று அவர் பெயரை வைத்தார். நாம் கத்தாளை என்று வாங்குவது அந்த வகையறாதான்.

பிளாக் 1790ல் கரிமீனுக்கும் 1795ல் பூராக்காசுக்கும் விஞ்ஞானப் பெயர் சூட்டினார். இரண்டையும் கடலில் பவளப்பாறையில் வாழும் வண்ணத்துப்பூச்சி மீன்களோடு சேர்த்துவிட்டார். கரிமீனுக்கு சூரத் நகரத்தின் பெயர் வேறு ஒட்டிக்கொண்டது. கேரளக் காயல் மீனுக்கும் குஜராத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் பதில் கிடையாது. விஞ்ஞானத்தில் முதலில் வைத்த பெயர்தான் நிற்கும் என்பதால் இன்றும் அது 'சூரத்துக்காரன்' தான். 1830ல் பிரான்சில் குவியே இவற்றைத் தனியாகப் பிரித்து எட்ரோப்ளஸ் என்ற வகையை உண்டாக்கினார்.

கவனிக்கவேண்டியது என்னவென்றால், இந்தப் பெரியவர்கள் எல்லோரும் பார்த்தது செத்த மீனை. முள் எத்தனை, செதில் எத்தனை, புள்ளி எங்கே என்று எண்ணினார்கள். அது எப்படிக் குடும்பம் நடத்துகிறது என்று தெரியவேண்டுமானால் உயிரோடு, பக்கத்தில் உட்கார்ந்து, மணிக்கணக்காகப் பார்க்கவேண்டும். அதற்குக் கண்ணாடித் தொட்டி வேண்டும்.

கண்ணாடித் தொட்டி மோகம் இங்கிலாந்தில் 1850களில் ஆரம்பித்தது. அக்வேரியம் என்ற சொல்லை இந்த அர்த்தத்தில் பரப்பியவர் பிலிப் காஸ். 1853ல் லண்டன் மிருகக்காட்சி சாலையில் மீன் காட்சிக்கூடம் திறந்தார்கள், மறு வருடம் காஸின் புத்தகம் வந்தது, அப்புறம் வீட்டுக்கு வீடு தொட்டி! சென்னையிலும் 1909ல் மெரினாவில் மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பான் குண்டுவீச்சுப் பயத்தில் அதை மூடினார்கள்.

தொட்டி வந்த பிறகுதான் மீன் 'பாசம்' என்ற விஷயமே விஞ்ஞானிகளுக்குத் தெரிய ஆரம்பித்தது. ஆஸ்திரியாவைச் சேர்ந்த கொன்ராட் லோரன்ஸ் (1973ல் நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவர்) 1949ல் எழுதிய புத்தகத்தில் ஒரு சம்பவம் வருகிறது. ஜுவல் ஃபிஷ் என்ற ஆப்பிரிக்க சிக்லிட். சாயங்காலம் ஆனால் அப்பா மீன் வழிதவறின குஞ்சுகளை வாயில் கவ்விக் கூட்டுக்குக் கொண்டுபோய் விடும். ஒரு நாள் அது மண்புழுத் துண்டை மென்றுகொண்டிருக்கும்போது ஒரு குஞ்சு தனியாக அலைவதைப் பார்த்துவிட்டது. பாய்ந்து போய்க் கவ்விவிட்டது. இப்போது வாயில் இரண்டு சமாச்சாரம். ஒன்று வயிற்றுக்குப் போகவேண்டும், மற்றது வீட்டுக்குப் போகவேண்டும். மீன் சில நொடிகள் அசையாமல் நின்றது. பிறகு இரண்டையும் துப்பியது. குஞ்சு மேல் ஒரு கண் வைத்தபடியே புழுவைச் சாப்பிட்டு முடித்தது. அப்புறம் குஞ்சை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனது. பார்த்துக்கொண்டிருந்த மாணவர்கள் கைதட்டினார்களாம்!

1950ல் நெதர்லாந்தைச் சேர்ந்த பேரண்ட்ஸ் தம்பதியர் சிக்லிட் மீன்களின் நடத்தை பற்றி விரிவான ஆராய்ச்சி நூல் எழுதினார்கள். 1959ல் ஹில்டெமன் என்பவர், தென் அமெரிக்க டிஸ்கஸ் மீனின் குஞ்சுகள் பெற்றோரின் உடம்பில் சுரக்கும் வழவழப்பைத் தின்று வளர்கின்றன என்று எழுதினார். கிட்டத்தட்ட தாய்ப்பால் மாதிரி. உலகத்தில் வேறெங்கும் இல்லாத அதிசயம் என்ற தொனியில்தான் அந்தக் கட்டுரையின் தலைப்பே இருந்தது.

எட்டே வருடம்தான். 1967ல் வார்ட், பார்லோ என்ற இரண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் நம் பூராக்காசுக் குடும்பத்தைத் தொட்டியில் வைத்துப் பார்த்து எழுதிய கட்டுரை வந்தது. குஞ்சுகள் நீந்த ஆரம்பித்தவுடன் அம்மா அப்பா உடம்பை நோக்கி விர்ரென்று போகும், லேசாக ஒரு உரசு உரசும், விலகி ஓடும், மறுபடி வரும். விளையாட்டு மாதிரித் தெரியும். விளையாட்டு கிடையாது, பெற்றோரின் தோல் மேல் உள்ள வழவழப்பைத்தான் அவை கொத்துகின்றன. டிஸ்கஸின் 'தாய்ப்பால்' அமேசான் நதிக்கு மட்டும் சொந்தமல்ல, நம் கழிமுகங்களிலும் எப்போதோ நடந்துகொண்டிருந்த விஷயம். தரங்கம்பாடிக்காரர்கள் வலையில் அள்ளிக் கருவாடு போட்ட மீன் இது என்பதை நினைத்தால் வேடிக்கைதான்.

சரி, இந்த மீனை வீட்டுத் தொட்டியில் மற்ற மீன்களோடு சேர்த்து வைத்தால் என்ன ஆகும்? கப்பி, மோலி, நாலைந்து டெட்ரா என்று எல்லாம் கலந்த தொட்டி. அதில் ஆறேழு சின்னப் பூராக்காசை விடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கூட்டமாகத் திரியும், பரமசாது. கடையில் ஜோடி பார்த்துத் தரச் சொன்னால் அது கடைக்காரருக்கே முடியாத காரியம், ஆணும் பெண்ணும் பார்க்க ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும். அதுகளாகத்தான் ஜோடி சேரவேண்டும். சில மாதம் கழித்து ஒரு நாள் இரண்டு மீன் மட்டும் தனியாக ஒரு மூலையில் நிற்கும். நிறம் ஏறும். வயிற்றுப் பக்கமும் அடித்துடுப்பும் கறுக்கும். ஒரு கல்லையோ கவிழ்த்து வைத்த பூந்தொட்டியையோ வாயால் கொத்திக் கொத்திச் சுத்தம் செய்யும். அவ்வளவுதான், அந்தத் தொட்டியின் சமாதானம் முடிந்தது!

மறுநாள் பார்த்தால் கப்பியும் மோலியும் எதிர் மூலையில் ஃபில்டருக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டிருக்கும். எட்டு சென்டிமீட்டர் மீன் தன்னைவிடப் பெரிய மீனையும் துரத்தும். பட்டா போட்ட மாதிரி பாதித் தொட்டி அந்த ஜோடிக்கு எழுதிக் கொடுத்தாகிவிட்டது. கல்லின் மேல் 200 முட்டை வரை, ஒவ்வொன்றும் சின்னக் காம்பில் ஒட்டினாற்போல் இருக்கும். ஒன்று பக்கத்துடுப்பால் முட்டைக்கு விசிறிக்கொண்டே நிற்க, மற்றது காவல். பிறகு ஷிஃப்ட் மாற்றிக்கொள்ளும். பூஞ்சை பிடித்த முட்டையைப் பொறுக்கி எடுத்துவிடும். சுமார் ஐந்து நாளில் பொரியும். பொரிந்த குஞ்சுகளுக்கு நீந்தத் தெரியாது, வாலை மட்டும் துடித்துக்கொண்டு கிடக்கும். மணலில் முன்கூட்டியே தோண்டிவைத்த குழிக்கு அவற்றை வாயால் தூக்கிக்கொண்டு போவார்கள். ஒரு குழியில் இருந்து இன்னொரு குழிக்கு, அங்கிருந்து மற்றொன்றுக்கு. நம் வீடுகளில் பூனை குட்டியை இடம் மாற்றுகிற மாதிரி.

முதல் தடவை முட்டையிடும் ஜோடி பல சமயம் தன் முட்டையைத் தானே தின்றுவிடும். தொட்டி வைத்திருப்பவர்கள் இதைப் பார்த்துப் பதறிப்போய் மீனைக் கொலைகாரப் பட்டியலில் சேர்த்துவிடுகிறார்கள். அவசரப்படத் தேவையில்லை. சுற்றிலும் பத்து எதிரிகள், கண்ணாடிக்கு வெளியே டார்ச் அடித்துப் பார்க்கும் மனிதர்கள், இரவு முழுக்க டியூப் லைட்... இந்த நிலையில் எப்படியும் போகப்போகிற முட்டையைத் தின்று உடம்பைத் தேற்றிக்கொண்டு அடுத்த ஈட்டுக்குத் தயாராவதுதான் மீனுக்கு லாபம். ராபர்ட் ட்ரிவர்ஸ் என்ற அமெரிக்கர் 1972ல் எழுதிய ஒரு கட்டுரையில் பெற்றோர் பிள்ளைக்குச் செய்யும் செலவை 'முதலீடு' என்றே குறிப்பிட்டார். காமர்ஸ் வகுப்பின் சொல் உயிரியல் வகுப்புக்குப் போய் உட்கார்ந்தது இப்படித்தான். லட்சக்கணக்கில் முட்டையிட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போகும் கடல் மீன் ஒரு வகை வியாபாரி. 200 முட்டை போட்டு இரண்டு பேரும் பட்டினியாகக் காவல் நிற்பது இன்னொரு வகை.

தொட்டியில் பார்த்ததை வைத்து மட்டும் பூராக்காசை உத்தமன் என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. வார்ட், வைமன் என்பவரோடு சேர்ந்து இலங்கைக் களப்புகளில் இந்த மீனைக் கவனித்து 1970களில் எழுதினார். அங்கே தெரிந்தது வேறு முகம். கரிமீனின் உடம்பிலும் துடுப்பிலும் இருக்கும் ஒட்டுண்ணி, பூஞ்சை இவற்றைப் பூராக்காசு கொத்திச் சுத்தம் செய்கிறது. கரிமீனும் அசையாமல் நின்று காட்டுகிறது. அதே பூராக்காசு, சமயம் கிடைத்தால் அதே கரிமீனின் முட்டையையும் குஞ்சையும் தின்கிறது! காலையில் சவரம் செய்துவிட்டு மாலையில் வீட்டில் திருடுகிற கதை. தன் பிள்ளைக்காக உயிரை விடும், அடுத்தவர் பிள்ளையை விழுங்கும். மீனில் மட்டுமா என்று கேட்காதீர்கள்.

இனி சிலேபிக்கு வருவோம்.

சிலேபியின் ஊர் ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரை. பீட்டர்ஸ் என்ற ஜெர்மானியர் 1852ல் பெயர் வைத்தார், மொசாம்பிக் திலேப்பியா. 1939ல் திடீரென்று இந்தோனேசியாவின் ஜாவா தீவில், ஒரு ஆற்று முகத்தில் முஜாயிர் என்ற கிராமத்து மனிதர் கையில் ஐந்து மீன் கிடைத்தது. வாயில் குஞ்சு வைத்துக் காப்பாற்றும் மீனைப் பார்த்து ஆச்சரியப்பட்ட அவர், உப்புத் தண்ணீரில் இருந்து நல்ல தண்ணீருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கி வளர்த்தார். இந்தோனேசியாவில் இன்றும் அந்த மீனுக்கு அவர் பெயர்தான். போர்க்காலத்தில் ஜப்பான் ராணுவம் அதைப் பரப்பியது. போர் முடிந்து எல்லா நாட்டிலும் உணவுப் பஞ்சம். ஏழைகளின் புரதம் என்று சொல்லி நாடு நாடாகக் கொண்டுபோனார்கள். இந்தியாவுக்கு 1952ல் வந்தது, முதல் இடம் நம் மண்டபம். அங்கிருந்து குளம், கண்மாய், அணை என்று எல்லாத் தண்ணீரிலும் இறங்கிவிட்டது. அமராவதி அணையில் பிடிபடும் மீனில் சிலேபி ஆதிக்கம் செலுத்தும் நிலை வந்தது. ஆபத்தை உணர்ந்து 1959லேயே மத்திய அரசின் மீன்வள ஆராய்ச்சிக் குழு இதைப் பரப்பத் தடை போட்டது. ஏழு வருடம் தாமதம். கண்மாய்க்குத் தடை உத்தரவு படிக்கத் தெரியுமா?

இங்கேதான் அந்த வித்தியாசம் வேலை செய்தது. பூராக்காசின் வீடு ஒரு கல். அந்த இடத்தை விட்டு நகரமுடியாது. மடையைத் திறந்து தண்ணீர் ஒரு முழம் இறங்கினால் கரையோரக் கல் வெளியே வந்துவிடும், முட்டை காய்ந்துவிடும். தண்ணீர் கலங்கினால் காவல் காக்கக் கண் தெரியாது. ஜோடியில் ஒன்று வலையில் மாட்டினால் மற்றது தனியாகச் சமாளிப்பது கஷ்டம். சிலேபியிலோ ஆண் தரையில் குழி பறித்துப் பெண்ணை அழைப்பதோடு அதன் வேலை முடிந்தது. பெண் முட்டையிட்டவுடன் அத்தனையையும் வாயில் அள்ளிக்கொண்டு கிளம்பிவிடும். கிட்டத்தட்ட இரண்டு மூன்று வாரம் ஏறக்குறையப் பட்டினி. பொரிந்து நீந்தும் குஞ்சும் ஆபத்து என்றால் அம்மாவின் வாய்க்குள் ஓடிவிடும். தண்ணீர் வற்றினால் ஆழமான பக்கம் பிள்ளைகளோடு நகர்ந்துகொள்ளலாம். வீடே கூட வருகிறது! சில மாதங்களில் குஞ்சும் முட்டையிடத் தயார். வருடத்துக்குப் பல ஈடு. மழைக்கு நிரம்பிக் கோடைக்கு வற்றும் நம்மூர்க் கண்மாய்க்கென்றே அளவெடுத்துத் தைத்த மாதிரி ஒரு வாழ்க்கை முறை, ஆப்பிரிக்காவில் இருந்து வந்தது. கேரளத்தின் காயல்களிலும் சிலேபி பெருகியதால் கரிமீனுக்கும் பள்ளத்திக்கும் இடமும் இரையும் குறைகிறது என்ற கவலை ஆய்வாளர்களிடம் இருக்கிறது.

சிலேபி ஜெயித்ததில் மனிதனுக்குத்தான் பெரிய லாபம் கிடைக்கவில்லை. அதிகமாகப் பெருகினால் இரை பங்கிட வேண்டும், பங்கிட்டால் மீன் வளராது. கையகல மீனாகவே நின்று அந்த அளவிலேயே முட்டையும் போட ஆரம்பித்துவிடும். கண்மாய் நிறைய மீன், எடை போட்டால் காசு பெயராது. குத்தகைக்காரர்கள் தலையில் கை வைத்தது இதனால்தான்.

பின்னாளில் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். நைல் நதித் திலேப்பியாவைப் பல தலைமுறை தேர்ந்தெடுத்து வளர்த்து 'கிஃப்ட்' என்ற ரகத்தை உருவாக்கினார்கள். இப்போது இந்தியாவில் அரசு அனுமதியோடு அதைப் பண்ணைகளில் வளர்க்கிறார்கள். தமிழ்நாடு மீன்வளப் பல்கலைக்கழகம் கிருஷ்ணகிரி மாவட்டம் பாரூரில் குஞ்சு உற்பத்தி செய்கிறது. பண்ணைக்காரர்கள் விரும்பிக் கேட்பது ஆண் குஞ்சு மட்டும் உள்ள ஈட்டை. ஆண் சீக்கிரம் எடை போடும் என்பது ஒரு காரணம். குளத்தில் வாய் நிறையப் பிள்ளைகளோடு ஒரு அம்மா கூட இருக்கக்கூடாது என்பது மற்றொரு காரணம்.